பெர்லினில் பால்புதுமையர் வரலாற்று நடை: எந்த வழிகாட்டியோடு போகலாம், எங்கே நிற்கலாம்?

கேள்வி இதுதான்: “பெர்லினில் இரண்டு நாள் தங்கப் போகிறேன். அந்த ஊரின் தன்பாலீர்ப்பாளர், திருநர் வரலாற்றைச் சொல்லும் நடைச் சுற்றுலாக்கள் நிறைய இருப்பதாகத் தெரிகிறது. காசு கொடுத்து வழிகாட்டியோடு போவதில் பலன் உண்டா? இல்லை, மொபைலில் மேப்பை வைத்துக்கொண்டு நானே சுற்றிவிடலாமா?”

வழிகாட்டியோடு போங்கள். இந்த வரலாற்றின் முக்கியமான இடங்கள் பலவற்றில் இன்று பார்ப்பதற்கு ஒன்றுமே கிடையாது. உலகப் புகழ்பெற்ற பாலியல் ஆய்வு நிலையம் ஒன்று இருந்த இடத்தில் இப்போது புல்வெளியும் ஒரு நினைவுப் பலகையும்தான். ஊரே பேசிய இரவு விடுதி இருந்த முனையில் மளிகைக்கடை வந்துவிட்டது. தெருப் பெயர்கள் மாறின, வீட்டு எண்கள் மாறின, மிச்சமிருந்ததில் பெரும்பகுதியைக் குண்டுவீச்சு கொண்டுபோய்விட்டது. மேப் உங்களைச் சரியான முனையில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே நின்று என்ன யோசிப்பது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் யாரோடு போகிறோம் என்பதில் கவனம் வேண்டும். சுற்றுலா விளம்பரங்களில் வரும் கதை அநேகமாக ஒரே மாதிரி இருக்கும்: 1920-களில் ஒரே கொண்டாட்டம், 1933-ல் நாஜிகள் வந்து எல்லாவற்றையும் அழித்தார்கள், 1945-ல் போர் முடிந்தது, அப்புறம் வானவில் கொடி, பிரைட் ஊர்வலம். இதில் 1945-க்கும் 1970-களுக்கும் இடையே உள்ள காலம் காணாமல் போய்விடுகிறது. அந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றி வாய் திறக்காத நடை எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் அரைக் கதைதான். முன்பதிவுக்கு முன்னால் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: “போருக்குப் பிந்தைய மேற்கு பெர்லினைப் பற்றியும் பேசுவீர்களா?” வரும் பதிலிலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும்.

ஏன் அந்தக் காலத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று புரிய, சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. நடையில் கேட்கப்போகும் கதைகள் எல்லாம் இந்த ஒரு பிரிவைச் சுற்றியே வரும். 1871-ல் ஜெர்மன் பேரரசு உருவானபோது, அதன் மிகப்பெரிய மாநிலமான பிரஷ்யாவில் ஏற்கெனவே இருந்த ஒரு விதி நாடு முழுமைக்குமான குற்றவியல் சட்டத்தில் 175-ஆம் பிரிவாக ஏறியது. ஆணும் ஆணும் உறவுகொள்வது குற்றம் என்றது அது. பெண்களை அது குறிப்பிடவில்லை. நாஜிகள் 1935-ல் இதைப் பலமடங்கு கடுமையாக்கினார்கள். அதற்கு முன்பு உடலுறவுக்கு ஒப்பான செயல் நடந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. புதிய வடிவத்தில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஒரு தொடுகையோ பார்வையோகூட வழக்காக முடியும் என்ற நிலை வந்தது. நாஜி ஆட்சியில் ஏறக்குறைய 50,000 ஆண்கள் தண்டிக்கப்பட்டார்கள். 5,000 முதல் 15,000 பேர் வரை வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இளஞ்சிவப்பு முக்கோணம் அவர்கள் சட்டையில் தைக்கப்பட்ட அடையாளம்.

போர் முடிந்ததும் மற்ற நாஜிச் சட்டங்கள் பல நீக்கப்பட்டன. இது நீக்கப்படவில்லை. மேற்கு ஜெர்மனி நாஜிகள் 1935-ல் எழுதிய அதே வாசகத்தை 1969 வரை அப்படியே வைத்திருந்தது. 1957-ல் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றமே அதைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1949 முதல் 1969 வரையான இருபது ஆண்டுகளில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் தண்டிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 50,000 பேர். நாஜிக் காலத்து எண்ணிக்கையும் இதுவும் ஏறத்தாழ ஒன்று என்பதைக் கவனியுங்கள். முகாமிலிருந்து உயிரோடு வந்தவர்கள் சட்டப்படி முன்னாள் குற்றவாளிகள். இழப்பீடு கேட்டுப் போக வழியில்லை. கிழக்கு ஜெர்மனி 1950-லேயே நாஜிகளுக்கு முந்தைய வடிவத்துக்குத் திரும்பி, 1968-ல் வயதுவந்தோருக்கான தடையை எடுத்துவிட்டது. ஒன்றுபட்ட ஜெர்மனியில் 175 முழுதாக மறைந்த ஆண்டு 1994. நாஜிக் காலத் தீர்ப்புகள் 2002-லும், போருக்குப் பிந்தைய தீர்ப்புகள் 2017-லும்தான் ரத்தாயின். ரத்தானபோது தண்டனை ஒன்றுக்கு 3,000 யூரோ, சிறையில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,500 யூரோ என்று இழப்பீடு நிர்ணயித்தார்கள். அதை வாங்க எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சரி, தெருவுக்கு வருவோம். பெரும்பாலான நடைகள் ஷோனெபெர்க் பகுதியில் உள்ள நொல்லெண்டார்ஃப்ப்ளாட்ஸ் நிலையத்தில் தொடங்கும். பாதாள ரயிலின் யு1, யு2, யு3, யு4 நான்கு வழித்தடங்களும் வந்து சேரும் ஒரே நிலையம் இது, வழிதவற வாய்ப்பில்லை. அதன் குவிமாடம் இரவில் வானவில் நிறத்தில் ஒளிரும். எல்லோரும் அண்ணாந்து அதைப் படம் எடுப்பார்கள். நீங்கள் நிலையத்தின் வெளிச்சுவரைப் பாருங்கள். முக்கோண வடிவில் ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கும். நாஜிகளால் கொல்லப்பட்டு, பின்னர் பேசாமலும் மறைக்கப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்கான நினைவுக்கல் அது. 1989-ல் வைத்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1985 மே 8 அன்று, போர் முடிந்த நாற்பதாம் ஆண்டு உரையில் அப்போதைய குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் ஃபொன் வைட்செக்கர் நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் வரிசையில் தன்பாலீர்ப்பாளர்களையும் சொன்னார். அரசின் உச்சியிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரவே நாற்பது ஆண்டுகள் ஆயின.

அங்கிருந்து சில நிமிட நடையில் மோட்ஸ் தெரு. ‘எல்டொராடோ’ இருந்த முனை இங்கேதான். 1920-களின் பெர்லினைப் பற்றிய எந்த நடையும் இந்த முனையில் நிற்காமல் போகாது. பெண் உடையில் ஆண்கள், ஆண் உடையில் பெண்கள், பார்க்க வரும் பணக்காரச் சுற்றுலாப் பயணிகள் என்று கலவையாக இருந்த விடுதி. இங்கே வழிகாட்டி ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை எடுத்துக் காட்டுவார். வாசலில் ‘இங்கேதான் சரி’ என்ற விடுதியின் பழைய விளம்பர வாசகம் அப்படியே இருக்க, கீழே ஸ்வஸ்திகாக் கொடிகளும் ஹிட்லருக்கு வாக்குக் கேட்கும் சுவரொட்டிகளும். விடுதியை மூடி நாஜிகளின் தேர்தல் அலுவலகம் ஆக்கிவிட்டார்கள். பிற்பாடு அதே இடத்தில் இயற்கை விளைபொருள் விற்கும் கடை வந்தது.

இந்த இடத்தில் வழிகாட்டியைச் சோதிக்க ஒரு கேள்வி வைத்திருங்கள்: “எப்போது மூடினார்கள்?” 1933-ல் ஹிட்லர் வந்ததும் என்பதுதான் வழக்கமான பதில். உண்மையில் நெருக்கடி அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. 1932 ஜூலையில் அப்போதைய பிரதமர் ஃபிரான்ஸ் ஃபொன் பாப்பனின் மத்திய அரசு பிரஷ்ய மாநில ஆட்சியைக் கவிழ்த்தது. புதிதாக வந்த பெர்லின் காவல்துறைத் தலைவர் ஒழுக்கத்தைக் காக்கிறேன் என்று கிளம்பி, அந்த ஆண்டு அக்டோபரில் ஒரே பாலினத்தவர் சேர்ந்து நடனமாடும் நிகழ்ச்சிகளுக்குத் தடை போட்டார். ஹிட்லர் பதவிக்கு வந்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. ஒரே நாளில் விளக்கை அணைத்ததுபோல் சொன்னால் கதை நன்றாக இருக்கும், நடந்தது படிப்படியாக.

இன்னொரு கேள்வியும் இங்கே எழ வேண்டும். 175-ஆம் பிரிவு 1871-லிருந்தே இருக்கிறதே, அப்புறம் எப்படி பெர்லினில் இத்தனை விடுதிகள் இயங்கின? பதில் காவல்துறையிடம் இருக்கிறது. 1885 வாக்கில் பெர்லின் காவல்துறையில் இதற்கென்றே ஒரு பிரிவு ஏற்பட்டது. அதை நடத்திய லியோபோல்ட் ஃபொன் மேர்ஷைட்-ஹ்யூலெசெம் விடுதிகளை மூடுவதைவிடத் திறந்தே விட்டுக் கண்காணிப்பது புத்திசாலித்தனம் என்று நினைத்தார். நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். அதைவிட, இந்தச் சட்டத்தைக் காட்டி மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள்தான் அவர்களுக்குப் பெரிய தலைவலி. அதனால் ஒருவித சகிப்பு நிலவியது. ஆனால் கண்டுகொள்ளாமல் விட்ட அதே காவல்துறை பெயர்ப் பட்டியல்களையும் எழுதி வைத்தது. ஆட்சி மாறியதும் அந்தப் பட்டியல்கள் யார் கைக்குப் போயின என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1936-ல் நாஜிக் காவல்துறைத் தலைவர் ஹிம்லர் பெர்லினிலேயே தன்பாலீர்ப்பையும் கருக்கலைப்பையும் ஒடுக்குவதற்கென்று தனி மத்திய அலுவலகம் ஏற்படுத்தினார்.

வரலாற்றாளர்களுக்கு இன்று கிடைக்கும் ஆதாரங்களில் பெரும்பங்கு இந்தக் காவல்துறைக் கோப்புகளும் நீதிமன்ற ஆவணங்களும்தான். பெர்லின் மாநில ஆவணக் காப்பகத்தில் அவை கட்டுக்கட்டாக இருக்கின்றன. காதலித்தவர்கள் கடிதங்களை எரித்தார்கள், பிடித்தவர்கள் கோப்புகளைப் பத்திரமாக வைத்தார்கள். அதனால் நடையில் யாருடைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்டாலும், ‘இது எங்கிருந்து தெரிய வந்தது?’ என்று கேளுங்கள். போலீஸ் விசாரணையில் பயந்துபோய்ச் சொன்னதா, நண்பருக்கு எழுதியதா, பத்திரிகையில் தாமே வெளியிட்டதா என்பதைப் பொறுத்துக் கதையின் நிறம் மாறும். நல்ல வழிகாட்டி இந்தக் கேள்வியை விரும்புவார். எரிச்சல்படுகிறவர் எங்கோ கேட்டதை ஒப்பிக்கிறவர்.

கோப்புகளுக்கு அடுத்த ஆதாரம் பத்திரிகைகள். 1896-ல் அடோல்ஃப் பிராண்ட் பெர்லினில் தொடங்கிய ‘டெர் ஐகெனெ’ உலகின் முதல் தன்பாலீர்ப்பாளர் இதழாகக் கருதப்படுகிறது. 1924-லிருந்து ‘டி ஃப்ராய்ண்டின்’ என்ற லெஸ்பியன் இதழ் தெருமுனைக் கடைகளில் வெளிப்படையாக விற்றது. அவற்றின் விளம்பரப் பக்கங்கள்தான் எந்தத் தெருவில் எந்த எண்ணில் எந்த மன்றம் இருந்தது என்பதற்கு இன்றைய வரைபடம்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 175 பெண்களைத் தொடவில்லை என்பதால் அவர்களுக்குத் துன்பமில்லை என்று சில வழிகாட்டிகள் ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். விடுதியை மூடினால் பெண்களின் விடுதியும் சேர்ந்துதான் மூடப்பட்டது. இதழ்கள் நின்றன. அண்டை வீட்டார் காட்டிக்கொடுத்ததால், அல்லது யூதராகவோ கம்யூனிஸ்டாகவோ ‘சமூகத்துக்கு ஒவ்வாதவராகவோ’ முத்திரை குத்தப்பட்டு முகாமுக்குப் போனவர்களும் உண்டு. ஷோனெபெர்க்கில் ஷ்வெரின் தெரு 13-ல் ‘டாப்கெல்லர்’ என்ற பெண்கள் கூடும் இடம் இருந்தது. பாடகி கிளேர் வால்டாஃப் போன்றவர்கள் வந்துபோன இடம். ஐசனாஹெர் தெருவும் விண்டர்ஃபெல்ட் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஹில்டே ராடுஷ் நினைவிடம் இருக்கிறது, 2012-ல் அமைத்தது. ராடுஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் நகரமன்ற உறுப்பினராக இருந்தவர். 1933-ல் கைதானார், போரின் கடைசிக் கட்டத்தில் தன் துணைவியோடு நகருக்கு வெளியே ஒளிந்து வாழ்ந்தார், 1970-களில் மீண்டும் பெண்கள் இயக்கத்தில் இறங்கினார், பெண்கள் ஆவணக் காப்பகம் ஒன்று உருவாகக் காரணமானவர்களில் ஒருவரானார். ஒரே மனிதரின் வாழ்க்கையில் நூற்றாண்டு முழுவதும் அடங்கிவிடுகிறது. அந்த முனையில் நிற்காத நடையில் நீங்களாவது ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள், நிலையத்திலிருந்து தூரமில்லை.

அதே வட்டாரத்தில் நொல்லெண்டார்ஃப் தெரு 17-ல் ஆங்கில எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட் 1930 முதல் 1933 வரை குடியிருந்த வீட்டில் ஒரு பலகை உண்டு. படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். வெளியிலிருந்து வந்து எழுதியவர்களின் பெர்லின் நமக்கு ஏற்கெனவே நிறையத் தெரியும்.

தெருப் பெயர்ப்பலகைகளையும் பார்த்துக்கொண்டே போங்கள். ஐனெம் தெரு என்று ஒன்று இருந்தது. கார்ல் ஃபொன் ஐனெம் பிரஷ்யாவின் போர் அமைச்சராக இருந்தவர், தன்பாலீர்ப்பாளர்களை ராணுவத்திலிருந்து துடைத்தெறிய வேண்டும் என்று பேசியவர். 2013-ல் அந்தத் தெருவுக்கு கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிஷ்ஸ் பெயரை வைத்தார்கள். உல்ரிஷ்ஸ் வழக்கறிஞர், 1867-ல் ம்யூனிக்கில் நடந்த ஜெர்மன் சட்ட வல்லுநர்கள் மாநாட்டில் எழுந்து நின்று, இந்தச் சட்டங்கள் தவறு என்று பேசத் தொடங்கி, கூச்சலால் மேடையிலிருந்து இறக்கப்பட்டவர்.

ஷோனெபெர்க்கின் தெற்கே ஹௌப்ட் தெருவில் நான் மிகவும் விரும்பும் நிறுத்தம் ஒன்று உண்டு. 157-ஆம் எண்ணில் 1977-ல் ‘ஆண்டெரெஸ் ஊஃபர்’ என்ற காபிக்கடை திறந்தது. அதற்கு முன்பெல்லாம் இத்தகைய இடங்களில் ஜன்னல் மறைக்கப்பட்டிருக்கும். கதவில் ஒரு துளை, ஒரு மணி. உள்ளே இருப்பவர் பார்த்துவிட்டுத்தான் திறப்பார். இந்தக் கடையோ தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி வைத்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். மணி அடித்துக் காத்திருந்த தலைமுறைக்கு அந்தக் கண்ணாடி எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொன்ன 1945–1969 கதையைக் கேட்டவர்களுக்குத்தான் புரியும். மற்றவர்களுக்கு அது சாதாரணக் கடை. பக்கத்து 155-ல் அப்போது ஆங்கிலப் பாடகர் டேவிட் போவி குடியிருந்தார். அதனால் இங்கே வரும் கூட்டத்தில் பாதி அவருக்காக வருகிறது.

இனி டியர்கார்ட்டன் பூங்கா. இதை அதே நாளில் சேர்க்காதீர்கள், கால் வலியோடு கேட்க வேண்டிய கதை இல்லை.

மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் மருத்துவர், யூதர், தன்பாலீர்ப்பாளர். 1897 மே மாதம் ஷார்லாட்டன்பர்க்கில் தன் வீட்டில் சில நண்பர்களோடு அறிவியல் மனிதநேயக் குழுவைத் தொடங்கினார். 175-ஐ நீக்கக் கோரி எழுதிய மனுவில் பிற்காலத்தில் ஐன்ஸ்டைன், தாமஸ் மான் போன்றோர் வரை கையெழுத்திட்டார்கள். 1898 ஜனவரியில் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் அகுஸ்ட் பெபெல் நாடாளுமன்றத்திலேயே அதை ஆதரித்துப் பேசினார். 1919 ஜூலையில் ஹிர்ஷ்ஃபெல்ட் டியர்கார்ட்டன் பூங்காவின் ஓரத்தில் ஒரு மாளிகையை வாங்கிப் பாலியல் ஆய்வு நிலையம் திறந்தார். மருத்துவ ஆலோசனை, கருத்தடை அறிவுரை, நூலகம், அருங்காட்சியகம், தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

திருநர் வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் இங்கே நிறைய நேரம் கொடுக்க வேண்டும். பிறப்பில் ஆண் என்று பதிவான ஒருவர் பெண் உடையில் தெருவில் போனால் பொது ஒழுங்கைக் கெடுத்தார் என்று பிடித்துக்கொண்டு போவார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட்டின் மருத்துவச் சான்றைப் பார்த்து, இவர் இந்த உடையில் நடமாடுவது காவல்துறைக்குத் தெரியும் என்று சொல்லும் ஒரு சீட்டைக் காவல்துறையே வழங்கியது. 1909 வாக்கில் தொடங்கிய வழக்கம். 1920-களில் அலெக்ஸ், டோனி போல இருபாலுக்கும் பொதுவான பெயராக மாற்றிக்கொள்ளவும் வழி கிடைத்தது. டோரா ரிஷ்டர் இந்த நிலையத்திலேயே வேலை பார்த்தபடி தங்கி, 1931-ல் அன்றைக்கு மிகப் புதிதான பாலுறுப்பு மாற்று அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவர். 1933 தாக்குதலில் அவர் இறந்துவிட்டார் என்றே நெடுங்காலம் எழுதினார்கள். அண்மை ஆண்டுகளில் ஆவணங்களைத் தேடியவர்கள் அவர் பிழைத்து, பவேரியாவின் ஒரு சிற்றூரில் 1966 வரை வாழ்ந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் வழிகாட்டி இன்னும் அவரை 1933-ல் சாகடித்தால், அவர் பழைய குறிப்புகளைப் புதுப்பிக்கவில்லை என்று அர்த்தம்.

1929 அக்டோபரில் நாடாளுமன்றக் குழு ஒன்று 15-க்கு 13 என்ற கணக்கில் 175-ஐ எடுத்துவிடலாம் என்று வாக்களித்தது. முழு அவைக்குப் போய்ச் சட்டம் ஆவதற்குள் பொருளாதாரச் சரிவும் அரசியல் குழப்பமும் அதை விழுங்கிவிட்டன. 1930-ல் ஹிர்ஷ்ஃபெல்ட் உலகப் பயணம் கிளம்பினார். ஜப்பான், சீனா சுற்றி 1931-ல் இந்தியாவுக்கும் வந்து விரிவுரைகள் ஆற்றினார். ஜெர்மனிக்கு அவர் திரும்பவே இல்லை. 1933 மே 6 அன்று காலை நாஜி மாணவர்கள் இசைக்குழுவோடு வந்து நிலையத்தைச் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து அந்த நூல்கள் ஓப்பன்ப்ளாட்ஸ் சதுக்கத்தில் எரிந்தன. அந்தக் காட்சியை ஹிர்ஷ்ஃபெல்ட் பாரிஸில் ஒரு திரையரங்கின் செய்திப் படத்தில் பார்த்தார். 1935-ல் பிரான்சின் நீஸ் நகரில், தன் பிறந்தநாளன்றே, இறந்தார். மாளிகை 1943 குண்டுவீச்சில் சிதைந்தது.

அவரைப் புனிதராக்கும் நடைகளும் இருக்கின்றன. அவர் காலத்து மருத்துவர்கள் பலரைப்போல அவரும் இனமேம்பாட்டுக் கருத்துகளில் சாய்வு கொண்டிருந்தார். தன்பாலீர்ப்பை மாற்றும் என்று நம்பப்பட்ட விரை ஒட்டு போன்ற சிகிச்சைகளையும் ஒரு கட்டத்தில் ஆதரித்தார். இதைச் சொன்னால் அவர் செய்தது சிறுத்துவிடாது. சொல்லாமல் விட்டால்தான் கேட்பவரைக் குழந்தையாக நினைப்பதாக ஆகும்.

அவருடைய பொருள்களுக்கு நேர்ந்த ஒரு விநோதமும் கேட்க வேண்டியது. பயணத்தில் ஷாங்காயில் சந்தித்த லி ஷியு டாங் என்ற இளைஞர் அவரது துணையானார். லி 1993-ல் கனடாவின் வான்கூவரில் இறந்தபோது, அவர் வைத்திருந்த ஹிர்ஷ்ஃபெல்ட்டின் குறிப்பேடுகளும் படங்களும் அடங்கிய பெட்டி குப்பைக்குப் போனது. அதே கட்டிடத்தில் இருந்த ஒருவர் அதை எடுத்து வைத்தார். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்துத்தான் பெர்லின் ஆய்வாளர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள்.

ஸ்ப்ரே ஆற்றங்கரையில் இப்போது மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் பெயரில் ஒரு நடைபாதை இருக்கிறது. 2017-ல் அங்கே வானவில் நிறங்களில் ஆறு பெரிய கல்லா அல்லி மலர்ச் சிற்பங்களை நட்டார்கள். அங்கிருந்து பூங்காவின் கிழக்கு ஓரத்துக்கு நடந்தால் 2008-ல் திறந்த நினைவுச்சின்னம் வரும். எல்ம்கிரீன், டிராக்செட் என்ற இரு கலைஞர்கள் அமைத்தது. தெருவுக்கு எதிர்ப்புறம் கொல்லப்பட்ட யூதர்களுக்கான கற்பாளங்களின் பரப்பு. இங்கே அதே சாயலில் ஒற்றைக் கற்பாளம், சற்றே சாய்ந்து, அதில் சின்ன ஜன்னல். எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு படம் ஓடும்: முத்தமிடும் ஜோடி. முதலில் இரண்டு ஆண்கள் மட்டும் இருந்தார்கள். பெண்கள் எங்கே என்று பெரிய சர்ச்சை எழுந்து, படத்தை அவ்வப்போது மாற்றுவது என்று முடிவானது. திறந்த ஆண்டிலேயே ஜன்னலை உடைத்தார்கள். குழுவோடு போனால் இங்கே வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். மொத்தமாக நின்று பார்க்க முடியாதபடி செய்திருக்கிறார்கள்.

நூல்கள் எரிந்த சதுக்கத்துக்கு 1947-ல் பெபெல்ப்ளாட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 175-ஐ எதிர்த்து அவையில் முதலில் பேசிய அதே பெபெல். தரையில் ஒரு கண்ணாடி. கீழே வெள்ளை நிறத்தில் காலி அலமாரிகள், 20,000 நூல்கள் அடங்கும் அளவுக்கு. மீகா உல்மன் என்ற கலைஞர் 1995-ல் செய்தது. பகலில் கண்ணாடியில் வானமும் உங்கள் முகமும்தான் தெரியும், இருட்டிய பிறகு போங்கள்.

கிழக்கு பெர்லினை அநேக நடைகள் தொடுவதே இல்லை. அங்கே சட்டம் முன்னதாகவே தளர்ந்தது, ஆனால் அமைப்பாகக் கூட விடமாட்டார்கள். 1973-ல் தொடங்கிய ஒரு சிறு குழுவுக்குப் புகலிடம் கொடுத்தவர் ஷார்லாட் ஃபொன் மாஹ்ல்ஸ்டார்ஃப். ஆணாகப் பதிவாகி, வாழ்நாள் முழுக்கப் பெண் உடையில் வாழ்ந்து, நகரின் கிழக்கு விளிம்பில் ஒரு பழைய பண்ணை மாளிகையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு மேசை நாற்காலிகளைச் சேர்த்து அருங்காட்சியகம் நடத்தியவர். இடிக்கப்படவிருந்த ‘முலாக்ரிட்ஸெ’ என்ற பழைய மதுக்கடையின் உட்புறத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து நிலவறையில் வைத்தார். பாலியல் தொழிலாளர்களும் தன்பாலீர்ப்பாளர்களும் புழங்கிய கடை அது. 1978-ல் அங்கே நடக்கவிருந்த பெண்கள் கூட்டத்தை அரசு தடுத்தது. ரகசியக் காவல்துறைக்கு அவர் தகவல் கொடுத்தார் என்ற விவரம் பிற்பாடு வெளியானது. எவ்வளவு, எந்த நிர்ப்பந்தத்தில் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். 1985 ஏப்ரலில் கிழக்கு பெர்லின் லெஸ்பியன் குழுவொன்று நாஜிகளின் பெண்கள் வதைமுகாமான ரவென்ஸ்ப்ரூக்கில் கொல்லப்பட்ட பெண்களுக்கு அஞ்சலி செலுத்தக் கிளம்பியபோது வழியிலேயே பிடித்துவைத்தார்கள். அங்கே லெஸ்பியன் கைதிகளுக்கான நினைவுச்சின்னம் வைக்க 2022 ஆனது.

எய்ட்ஸ் காலத்தைப் பற்றிக் கேட்க விரும்பினால் ஷோனெபெர்க்கின் பழைய செயிண்ட் மத்தேயுஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். கிரிம் சகோதரர்களின் கல்லறை இருக்கும் இடம். எய்ட்ஸால் இறந்தவர்களுக்கான கூட்டுக் கல்லறை ஒன்று அங்கே இருக்கிறது. பல குடும்பங்கள் உடலை வாங்க வராத ஆண்டுகள் அவை. நண்பர்களே குடும்பமாக நின்றார்கள். வாசலருகே ஒரு காபிக்கடையும் உண்டு, உட்கார்ந்து பேசலாம்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம்தான். ‘இலவச நடை’ என்பவை அன்பளிப்பில் ஓடுகிறவை. கடைசியில் ஏதாவது கொடுப்பது மரியாதை. குழு பதினைந்து பேரைத் தாண்டினால் கேள்வி கேட்க முடியாது. விடுதி வாசல்களில் நிற்பவர்களைப் படம் எடுக்காதீர்கள். அவர்கள் காட்சிப் பொருள் இல்லை, சிலர் வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், அதற்கேற்ப நேரம் பாருங்கள். வழிகாட்டி தன் சொந்த அனுபவத்தைச் சொல்லலாம். உங்களுடையதைக் கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

இரண்டு நாளை இப்படிப் பிரிப்பேன்: முதல் நாள் பகலில் வழிகாட்டியோடு ஷோனெபெர்க், பின்மதியம் லூட்ஸோ தெருவில் உள்ள ‘ஷ்வூலெஸ் மியூசியம்’. 1985-ல் தொடங்கிய இந்த அருங்காட்சியகமும் காப்பகமும், நடையில் கேட்டதன் மூலத்தைக் கண்ணால் பார்க்க நல்ல இடம். எந்தக் கிழமை விடுமுறை என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் காலை நீங்களே டியர்கார்ட்டன், இருட்டியதும் பெபெல்ப்ளாட்ஸ். நடுவில் கிடைக்கும் மதியத்துக்கு இரண்டு வழி. ஓரானியன்பர்க் பக்கம் ரயிலேறினால் சாக்சன்ஹௌசன் வதைமுகாம். 1942-ல் அதன் செங்கல் சூளைக் கிளையில் ஏறக்குறைய 200 இளஞ்சிவப்பு முக்கோணக் கைதிகள் சில வாரங்களில் கொல்லப்பட்டார்கள். அதற்கு அரை நாள் போதாது, அவசரமாகப் போவதற்குப் போகாமலிருப்பது மேல். மற்றது ஷார்லாட்டின் அருங்காட்சியகம் இருக்கும் மாஹ்ல்ஸ்டார்ஃப், எஸ்5 ரயில் நேராகப் போகும், ஆனால் அருங்காட்சியகத்தை அவர்களே கூட்டிச்சென்றுதான் காட்டுவார்கள், அதுவும் எல்லா நாளும் கிடையாது. நாள் ஒத்துவந்தால் நான் மாஹ்ல்ஸ்டார்ஃபுக்கே போகச் சொல்வேன்.